கயாவில் விட்ட தக்காளி

அகிலாண்டம் அண்ணிக்குக் கோபம் வந்தால் வாய்க்காலுக்கு அக்கரையில் நாற்றுப் பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல். முறைத் தண்ணீர் விடும் நாளில் மேல்மடைக்காரன் திருட்டுத்தனமாக மடையை அடைத்துவிட்டால், அவள் புருஷன் வைரக்கண்ணு அண்ணன் போய்ப் பேச மாட்டார். அண்ணியைத்தான் அனுப்புவார். அவள் வரப்பில் நின்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், தண்ணீர் வந்துவிடும்.

அந்தக் குரலையும், உயிருக்கு உயிரான தக்காளியையும் ஒரே நாளில் தொலைத்துவிட்டு, அண்ணி தன் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். ஒரு வருஷம் குறுவை அறுப்பு முடிந்த கையோடு கும்பலாகக் காசிக்குப் போனோம். காசிக்குப் போனால் கயாவில் பிண்டம் போட்டுவிட்டு, செத்துப்போன பெரியவர்கள் சாட்சியாக ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை விட்டுவிட வேண்டும். விட்டால் விட்டதுதான், சாகும்வரை தொடக்கூடாது. ரொம்பப் பிடித்ததை விட வேண்டும் என்பதுதான் சாத்திரம். யார் கேட்கிறார்கள்? நான் நூல்கோலை விட்டேன். அதை எங்கள் வீட்டில் வாங்கியதே கிடையாது.

வைரக்கண்ணு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "காய்ல தக்காளி, பழத்துல பப்பாளி" என்றார். இலையில் என்ன சொன்னாரோ, காதில் விழவில்லை. ஆகா, எவ்வளவு பெரிய தியாகம் என்று கும்பலே அவரைப் பார்த்தது. எனக்குத் தெரியும், தக்காளித் தோல் நாக்கில் ஒட்டினால் அவர் தட்டைத் தள்ளுகிறவர். பப்பாளி வாசம் வந்தாலே எழுந்து போய்விடுவார். தக்காளி பிடித்தது அண்ணிக்கு. சின்ன வயதில் கொல்லையில் செடியோடு நின்று உப்பைத் தொட்டுத் தின்றவள் அவள். நல்லெண்ணெய் மிதக்க அவள் கிளறும் தக்காளித் தொக்குக்கு எங்கள் தெருவே ஏங்கும்.

திரும்பும்போது ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவளிடம், "நீங்க என்னத்த விட்டீங்க அண்ணி?" என்று கேட்டேன்.

"கோவத்த விட்டுட்டேன், மங்களம்."

"காயக் கேட்டா கோவங்குறீங்களே."

"எனக்குப் புடிச்ச காய அவரு விட்டுட்டாரு. பாக்கி எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊர் வந்த மறுநாளே அண்ணன் சட்டம் போட்டார். "நான் விட்டது நம்ம அடுப்புல ஏறக்கூடாது. ஒரே சட்டி, ஒரே கரண்டி. தப்பித் தவறி வாயில பட்டுச்சின்னா அப்பாரு ஆத்மாவுக்கு ஆவாது." அப்படி ஒரு விதி எந்த ஊரிலும் கிடையாது. விட்டவர் சாப்பிடாமல் இருந்தால் போதும். பழைய அண்ணியாக இருந்தால் அந்த நிமிஷமே கேட்டிருப்பாள். கோபத்தைக் கயாவில் விட்டவள் எப்படிக் கேட்பாள்? புளியைக் கரைக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ரசத்துக்குப் புளி, குழம்புக்குப் புளி, கொத்சுக்கும் புளி. ஒரு நாள் என் வீட்டுத் தக்காளிச் சட்னியைக் கிண்ணத்தில் வைத்து நீட்டினேன். கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேணாம் மங்களம். வாசம் நிக்கும், கண்டுபிடிச்சிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரன் பேத்தி எடுத்தவள் சட்னிக்குத் திருடியைப்போலப் பயந்தாள். அந்தச் சட்னியை நானும் சாப்பிடவில்லை.

கொல்லையில் அவள் வைத்த பப்பாளி ஒன்று காய்த்துக் குலுங்கியது. அறுத்தால் உள்ளே செக்கச் சிவந்த சதை. விட்ட பழம் வீட்டில் காய்க்கலாமா என்று அண்ணன் அரிவாளை எடுத்தார். மரம் விழுவதைக் கிணற்றடியில் நின்று பார்த்தவள், விழுந்த காய்களைப் பொறுக்கி எங்கள் வீட்டு மாட்டுக்குப் போட்டாள். "காசிக்குப் போயிட்டு வந்து பசுவா மாறிட்டா" என்று தெருவே மெச்சியது. மெச்சியவர்களை அறையலாம்போல இருந்தது எனக்கு. மடையை அடைத்தவனிடம் பேசக்கூட ஆளில்லாமல் போய், அந்த வருஷம் அவர்கள் வயலின் கடைசித் தாக்கில் பயிர் காய்ந்தது.

இப்படியே வருஷங்கள் போயின. சென்ற மாதம் அண்ணன் சிறுநீர் சரியாகப் பிரியாமல் கஷ்டப்பட்டார். மகள் கலைமகள் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பிராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, கட்டி கிட்டி ஒன்றும் இல்லை, மாத்திரை போதும் என்றார் டாக்டர். ஆனால் அண்ணனோடு பிறந்த மூத்தவர் அந்த இடத்தில் வந்த புற்றுநோயில்தான் போனார். மனுஷன் வெளிறிப்போய், இன்னும் என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடலாம் என்று நச்சரித்திருக்கிறார். உணவு ஆலோசனைக்கு அனீஸா என்கிற நாகூர்ப் பெண் இருந்தாள்.

அவள் பொறுமையாகச் சொன்னாளாம். "லைகோபீன்னு ஒரு சத்து இருக்குங்க ஐயா. தக்காளிக்குச் சிவப்பு குடுக்குறதே அதுதான். பச்சையா சாப்பிடுறதவிட எண்ணெய் விட்டு வதக்குனா உடம்பு நல்லா எடுத்துக்கும். தர்பூசணியில இருக்கு, உள்ள சிவப்பா இருக்குற கொய்யாவுல, பப்பாளியிலயும் இருக்கு. சாப்பிடுங்க, நல்லது. ஆனா இது மருந்து இல்ல, மாத்திரைய விட்டுடாதீங்க."

கூடப் போயிருந்த அண்ணி மெல்லக் கேட்டாளாம். "பீட்ரூட்டும் செவப்புத்தானம்மா? அது ஆவாதா?" அவர் விட்டதில் கை வைக்காமல் வழி தேடியிருக்கிறாள், பாவம்.

"அந்தச் சிவப்பு வேறங்கம்மா. அதுல லைகோபீன் கிடையாது."

தர்பூசணியும் கொய்யாவும் அவர் விட்டதில் சேர்த்தி இல்லை. அதை வாங்கித் தின்றிருந்தால் யார் விரதமும் கெட்டிருக்காது. ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எண்ணெயில் வதக்கிய தக்காளி என்று கேட்டதிலிருந்து அவருக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் பையோடு வந்து நின்றார்.

"மங்களம், தக்காளி இருந்தா குடு."

"கயாவுல விட்டீங்களேண்ணே?"

"நான் விட்டது நாட்டுத் தக்காளி. இது பெங்களூர்த் தக்காளிதான? அதோட, மருந்துக்குத் தோஷம் இல்ல."

ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரத்தில் முடித்துவிட்டார். இத்தனை வருஷம் அண்ணியை அடைத்து வைத்த பூட்டுக்குச் சாவியே தேவைப்படவில்லை, தள்ளினாலே திறந்திருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் இருந்த தக்காளியை எல்லாம் அள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

அண்ணி ஓர் அடுப்பில் ரசத்தை ஏற்றினாள். இன்னொன்றில் வாணலியை வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, கடுகும் வெந்தயமும் மிளகாயும் போட்டு, நறுக்கிய தக்காளியைக் கொட்டினாள். சுருண்டு எண்ணெய் பிரியும்வரை கிளறினாள். அவள் மூக்கு விடைத்தது, கண் கலங்கியது. மிளகாய் நெடி என்று நினைத்தேன். அவர் சுடுசோற்றில் தொக்கைப் பிசைந்து, தோலோடு, முகம் சுளிக்காமல் தின்றார். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார். நீயும் சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பப்பாளியும் நல்லதுன்னுச்சே அந்தப் பொண்ணு. கொல்லையில ஒண்ணு நின்னுச்சுல்ல? அதையாவது நீ காப்பாத்தி வச்சிருக்கலாம்."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க விட்டதத் திருப்பி எடுத்துக்கிட்டீங்கள்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"நானும் எடுத்துக்கிறேன்."

"நீ என்னத்த விட்ட?"

சொன்னாள். மரத்தில் தொடங்கினாள். அரிவாளுக்குப் போனாள், ஒரே சட்டி ஒரே கரண்டிக்கு வந்தாள், காய்ந்துபோன தாக்குக்குப் போனாள், கயாவில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த முகத்துக்கு வந்து நின்றாள். அடுப்பு மேடையில் இருந்த டம்ளர் அதிர்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அக்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திட்டிக்கொண்டே தட்டை எடுத்தாள். சோற்றைப் போட்டு, வாணலியில் மிச்சமிருந்த தொக்கை ஒட்ட வழித்துப் போட்டு, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்று விழுங்கும்வரை வீடு அமைதியாக இருந்தது. அவர் தப்பித்தோம் என்று நினைத்திருப்பார்.

"ரசம் பொங்குது, கண்ணு தெரியல? எந்திரிச்சிப் போயி அடுப்ப அணைங்க" என்றாள், அடுத்த வாயைப் பிசைந்தபடி.

அண்ணன் எழுந்து போனார். அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் அணையும் என்று என்னிடம் கேட்டார்.