முப்பத்தேழாம் தொட்டியின் இருட்டு

நண்பகல் வெயிலில் காலித் தொட்டிக்குள் இறங்கி, மூடியைச் சாத்தச் சொல்லிவிட்டு, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார் இருட்டக்கா. கண் பழகியதும், கறுப்பு உறையில் எங்காவது ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று தேடுவார். தெரிந்தால், இடக்கையில் வளையல்போல் மாட்டியிருக்கும் கறுப்பு டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டுவார். "இப்பதான் இருட்டு இருட்டா இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகே தண்ணீர் நிரப்பலாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்துச் சமவெளியில் அறுபது தொட்டிகள். அண்டவெளியிலிருந்து அசுர வேகத்தில் வரும் ஒரு துகள், மேலே காற்றில் மோதிச் சிதறி, கோடிக்கணக்கில் மழையாய்ப் பொழியும். அது தொட்டித் தண்ணீரைக் கடக்கும்போது நீல ஒளி மின்னி மறையும். உள்ளே இருக்கும் மின்கண் அதைப் பிடிக்கும். வெளிவெளிச்சம் ஒரு பொட்டு நுழைந்தாலும் எல்லாம் பாழ். அறுபது உறைகளையும் தைத்தவர் இவர்தான். முன்பு குடை தைத்தவர். "குடையில ஓட்டைன்னா ஒருத்தர் நனைவாரு. இதுல ஓட்டைன்னா வானமே பொய் சொல்லும்" என்பார். வீட்டில் கரண்ட் போனால் மற்றவர்கள் மெழுகுவத்தி தேட, இவர் ஜன்னல் இடுக்கை முறைப்பாராம். "இவளோட குடித்தனம் பண்ண ஆந்தைக் கண்ணு வேணும்" என்பது கணவரின் புலம்பல்.

போன மாதம் பட்டப்பகலில் பத்தொன்பது தொட்டிகள் ஒரே சமயத்தில் மின்னின. முப்பத்தேழில்தான் மிகப் பெரிய மின்னல். அதைச் சேர்த்தால், ஒன்பது ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய பொழிவு. அதை விட்டுவிட்டால் பத்தோடு பதினொன்று. தலைமை விஞ்ஞானிக்குச் சந்தேகம். உச்சிவெயில் உறைக்குள் கசிந்திருக்கும் என்று, சுவர் வரைபடத்தில் முப்பத்தேழின் பக்கத்தில் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டுவிட்டார்.

அங்கே வெறும் எழுத்தர் நான். எனக்கே கோபம் வந்தது. தைத்தவருக்கு வராதா?

"சார், தண்ணிய இறக்குங்க. நீங்களும் உள்ள வாங்க, பாத்துருவோம்."

"திரும்ப நிரப்ப ஒரு வாரம் ஆகும்மா."

"ஆகட்டும். ஓட்டை இருந்தா நாளைக்கே நான் குடை தைக்கப் போயிடறேன்."

இரண்டு நாளில் தொட்டி வடிந்தது. பன்னிரண்டு மணி வெயிலில் இருவரும் இறங்கினார்கள். மூடி விழுந்த கையோடு உள்ளே ஓர் அதட்டல்: "சார், அந்த மினுக்குற வாட்சைக் கழட்டிப் பாக்கெட்ல போடுங்க!" வெளியே நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. கடைசியில் விஞ்ஞானியின் குரல் கேட்டது. "அம்மா, என் கை எனக்கே தெரியலைம்மா."

வெளியே வந்த விஞ்ஞானி நேராகக் கணினி அறைக்குப் போய், முப்பத்தேழையும் சேர்த்துக் கணக்கைப் போட்டார். ஒன்பது ஆண்டுகளில் காணாத பொழிவின் அளவு திரையில் வந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. விஞ்ஞானி கைகுலுக்க எழுந்து வந்தார்.

இருட்டக்கா வரைபடத்தின் முன் நின்றிருந்தார். கை டேப்பில் ஒரு துண்டைப் பல்லால் கிழித்து, சிவப்புக் கேள்விக்குறியின் மேல் ஒட்டி, நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.