அம்மாவின் கைராசி

போன மாதம் எட்மண்டனில் நாங்கள் வாங்கப்போகும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர், முன்னறையில் ஒரு விறகு அடுப்புப் பூட்டினால் எவ்வளவு வடிவாக இருக்கும் என்று போனில் படம் காட்டினார். கண்ணாடிக் கதவுக்குள் தீ எரிகிறது, பக்கத்தில் ஒரு பூனை படுத்திருக்கிறது. "பூனை வேணுமெண்டால் வாங்குவம். அடுப்பு என்ரை வீட்டுக்குள்ளை வராது" என்றேன். மனிதர் திகைத்துப்போனார். பாவம், அவருக்கு நோர்பரிக் கதை தெரியாது.

லண்டனில், நோர்பரியில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் வந்து படுப்பார். திரும்பி வரும்போதும் படுத்திருப்பார். அம்மா வீட்டோடு இருந்தவர். ஊரில் சோதனை எழுதவேண்டிய நேரத்தில் இடம்பெயர்ந்து ஓடியதோடு அவருடைய படிப்பு நின்றுபோயிருந்தது. அந்த முறை தை மாதத்திலிருந்து (எங்கள் ஆட்களுக்கு ஜனவரி பிறந்தாலே தைதான்), நேர்சரிப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கான வகுப்பு ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது. அதற்கென்று ஒரு கறுப்புத் தோள்பை வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தார். அவ்வப்போது திறந்து பார்த்துவிட்டு மூடுவார். எனக்கு அந்தப் பையைக் கண்ணில் காட்டக்கூடாது. அம்மா படிக்கப் போனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் நான் அங்கேயே, பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் கிளப்பில் கிடக்கவேண்டும். தின்னத் தருவது வெறும் பாணும் வெள்ளரிக்காய்த் துண்டும்.

கார்த்திகையில், வீட்டைச் சூடாக்கும் எங்கள் கேஸ் பொயிலர் செத்துப்போனது. வந்து பார்த்தவர், இதற்கு இனி உயிர் வராது, புதிதுதான் பூட்டவேண்டும் என்றார். பூட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் இல்ஃபோர்டில் இருக்கும் பெரியப்பாவைக் கேளாமல் ஒரு கதிரைகூட வாங்குவதில்லை. அப்பாவை லண்டனுக்கு எடுத்துவிட்ட தமையன் அவர். அந்த நன்றிக்காக அப்பா ஆயுள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா எல்லாவற்றிலும் விண்ணன். ஞாயிற்றுக்கிழமை வந்து, சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். கேஸே வேண்டாம். பொயிலர் அடுப்பு என்று ஒன்று இருக்கிறது. முன்னறையில் இரும்பு அடுப்பு. விறகும் கரியும் போட்டால் அதன் முதுகில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் கொதித்து, வீடு முழுக்கச் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டருக்கு ஓடி அறைகளைச் சூடாக்கும், குளிக்கவும் வரும்.

"சண்டைக்குள்ளை யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டாங்கள். மண்ணெண்ணெய் இல்லை, கரண்ட் இல்லை. நாங்கள் சமைக்காமலே இருந்தனாங்கள்? விறகு இருந்தது! இவங்கள் நாளைக்குக் கேசை நிப்பாட்டினால் என்ன செய்வாய், சொல்லு பாப்பம்?"

லண்டனில் எங்களுக்கு யார் தடை போடப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தடைக்குள் இருந்து வந்த சனத்துக்கு அது கேள்வியே இல்லை. மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டையும் மெழுகுதிரியும் அடுக்கி வைத்திருந்த வீடு எங்களுடையது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் பெரியப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது சரி அத்தான், ஆர் மூட்டுறது? நான் தையிலை இருந்து வகுப்புக்குப் போறன். இவர் பகலிலை படுக்கிறவர். கேஸ் எண்டால் ஒரு பட்டனை அமத்திப்போட்டுப் போகலாம்."

"இதென்ன கேள்வி பிள்ளை? எல்லாருந்தான் மூட்டுறது" என்று பெரியப்பா சிரித்தார். அப்பா உடனே, "நான் வேலையாலை வந்து மூட்டிப்போட்டுத்தானே படுப்பன்" என்றார்.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தேத்தண்ணீரைப் பார்த்தார். அதோடு விஷயம் முடிந்தது.

மார்கழியில் அடுப்பு வந்தது. பூட்டியவர்கள், கண்ட விறகையும் போடாதீர்கள், புகை வந்தால் கவுன்சில்காரர் தண்டம் போட வருவார்கள், காய்ந்த விறகும் புகையில்லாத கரியும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியப்பா பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தார். அடுப்புக்கு நல்லநேரம் பார்த்த வீடு அந்தத் தெருவில் எங்களுடையதாகத்தான் இருக்கும். இரும்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மேலே பால்பானையும் வைத்தாயிற்று. பெரியப்பா முழந்தாளிட்டு, அடுப்பின் வாய்வரை விறகை அடைத்து நெருப்புக்குச்சியைத் தட்டினார். புகைதான் வந்தது. அப்பா தட்டினார். இன்னும் கொஞ்சம் புகை வந்தது. கூரையில் இருந்த அலாரம் வீல் என்று கத்தத் தொடங்கியது. "ஐயோ, நல்லநேரம் போகுது!" என்று பெரியப்பா இருமினார்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். அடைத்த விறகை எல்லாம் வெளியே எடுத்தார். கீழே காற்று வரும் வாயைத் திறந்தார். சின்னச் சிராய்களைக் குறுக்கும் மறுக்குமாக வைத்து, சுவாமித்தட்டில் இருந்து ஒரு கற்பூரத்தை எடுத்துவந்து அடியில் வைத்தார். ஒரே குச்சிதான். பற்றிக்கொண்டது. அகதியாகப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது ஈரவிறகில் சமைத்த கை அது. கொஞ்ச நேரத்தில் பாலும் பொங்கியது.

"பாத்தியளே! கைராசி எண்டால் இதுதான்" என்று பெரியப்பா அம்மாவைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "இனி இந்த அடுப்பிலை பிள்ளையின்ரை கைதான் படவேணும். வேறை ஒருத்தரும் தொடாதேங்கோ."

எல்லோரும் கைதட்டினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படிப் புகழ்வதைத்தான் எங்கள் ஆட்கள் பப்பாவில், பப்பாசி மரத்தில், ஏற்றுவது என்பார்கள். அந்த மரம் பாரம் தாங்காமல் முறியும் என்பது ஏற்றுகிறவருக்கு நன்றாகத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும், அவர் சிரிக்கவில்லை.

அப்பா அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எனக்கெங்கை கைராசி?" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவார். விடியச் சாம்பல் அள்ள, மூட்ட, கரி போட, மத்தியானம் மறுபடியும் போட எல்லாவற்றுக்கும் அம்மாதான். சும்மா சொல்லக்கூடாது, வீடு நல்ல சூடாகத்தான் இருந்தது. வகுப்பு தொடங்கியதும் வில்லங்கமும் தொடங்கியது. எரிகிற அடுப்போடு நித்திரையில் கிடக்கும் மனிதரைத் தனியே விட்டுவிட்டுப் போக அம்மாவுக்குப் பயம். அதனால் தணியவிட்டுப் போனார். வரும்போது வீடு பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. அப்பா சத்தம் போடவில்லை. தொப்பியும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தார்.

"பரவாயில்லை, நீர் வகுப்புக்குப் போய்ப் படியும். நான் குளிருக்குள்ளை கிடக்கிறன்" என்றார்.

அடித்திருந்தால்கூட அம்மா வகுப்புக்குப் போயிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

பொங்கலுக்கு இல்ஃபோர்டுக்குப் போனோம். பெரியப்பா வீட்டில் ரேடியேட்டர் எல்லாம் சுட்டுக்கொண்டிருந்தது. நான் அறை அறையாகத் தேடிவிட்டு வந்து, "பெரியப்பா, உங்கடை அடுப்பு எங்கை?" என்று கேட்டேன்.

"எங்களுக்குக் கேஸ்தான் குஞ்சு. உன்ரை பெரியம்மாவுக்கு உந்தச் சாம்பல் கரி எல்லாம் ஒத்துவராது" என்றார், வடையைக் கடித்துக்கொண்டு. அம்மா தன் நகத்தைப் பார்த்துவிட்டுக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம் ஒரு வகுப்பு நாளில், பள்ளிக்கூட வாசலில் அம்மா நின்றார்.

"இண்டைக்கு வகுப்பு இல்லையே?"

"இல்லை."

"நாளையிண்டைக்கு?"

"இனி எந்த நாளும் நான்தான் வருவன் உன்னைக் கூட்டிக்கொண்டு போக."

தெருவிலேயே துள்ளிக் குதித்தேன். கிளப் இல்லை, வெள்ளரிக்காய் இல்லை! வீட்டுக்குப் போனதும் அம்மா கறுப்புப் பையை எடுத்து, உள்ளே இருந்த கொப்பிகளை வெளியே வைத்துவிட்டு, "இதை நீ வைச்சிரு" என்று என்னிடம் தந்தார். ஒரே நாளில் இரண்டு அதிர்ஷ்டம். எல்லாம் அந்த அடுப்பு வந்த நேரம் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது.

எங்கள் வீட்டில் பின்னேரம் விளக்கு ஏற்றியதும் நான் வாய்விட்டுக் கும்பிடவேண்டும். நான் கேட்பது எதுவானாலும், முடிந்ததும் பக்கத்தில் நிற்கும் அம்மா, "அப்பிடியே நடக்கவேணும் பிள்ளையாரப்பா" என்று சேர்த்துச் சொல்வார். அன்றைக்குத் தோளில் அந்தப் பையோடு நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "பிள்ளையாரே, எங்கடை அடுப்பு ஒருநாளும் பழுதாகக்கூடாது" என்று கும்பிட்டேன்.

அம்மாவின் குரல் வரவில்லை. மறந்துபோனார் ஆக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவருக்காக அதையும் நானே சொன்னேன்.