அறிக்கையில் நான் சொன்ன பெயர்

கல்லூரியில் புள்ளியியல் தாளில் நான் தேறியது என் தோழியால்தான். கொச்சியில், மட்டாஞ்சேரியில், எங்கள் வீடும் அவள் வீடும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு அப்பாக்களும் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்தவர்கள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். வீட்டில் தமிழ் பேசுவோம், பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். இதை எழுதும் அளவுக்குத் தமிழ் எழுத்து எனக்குக் கைவந்தது முப்பது வயதுக்கு மேல்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் பி.காம் படித்தோம். திட்ட விலக்கம் என்ற கணக்கு எனக்கு மண்டையில் ஏறவேயில்லை. அவள் என்னைப் படகு வந்து நிற்கும் போட்டு ஜெட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

"எறணாகுளம் போட்டு தினம் எத்தனை நிமிஷம் லேட்டா வருதுன்னு பத்து நாள் எழுதடி" என்றாள். "அப்புறம் வழக்கமான லேட்டு எது, வழக்கத்தை விட்டு விலகின லேட்டு எதுன்னு பாப்போம். அவ்வளவுதான் கணக்கு."

பத்து நாளும் எழுதினோம். அவள் ஒரு முழு நோட்டையே நிரப்பினாள். அவளுக்கு எண்கள் என்றால் அப்படி ஒரு பிரியம். தேர்வில் அவள் கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் வாங்கினாள். நான் பாஸ் ஆனேன்.

வேலை என்று வந்தபோது கதை மாறிப்போனது. ஒரு தனியார் வங்கியின் கார்டு பிரிவுக்கு இருவரும் நேர்முகத்துக்குப் போனோம். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு நான் தட்டுத்தடுமாறியாவது பதில் சொன்னேன். அவளுக்கு வாய் பூட்டிக்கொண்டது. எனக்கு வேலை கிடைத்தது. அவள் மட்டாஞ்சேரி அரண்மனைப் பக்கம், சுற்றுலாப் பயணிகளுக்கு மசாலாவும் பழைய பொருள்களும் விற்கும் ஒரு கடையில் காஷியராகச் சேர்ந்தாள். இதற்காக அவள் என்னிடம் முகம் சுளித்ததே இல்லை.

வங்கியில் நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, எங்கள் பிரிவுக்கு ஒரு புதிய கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்து இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அங்கேதான். ஒவ்வொருவரும் கார்டை எங்கே, எப்போது, எவ்வளவு தொகைக்குத் தேய்க்கிறார்கள் என்பதை அது தானே கற்றுக்கொள்ளுமாம். பழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் மதிப்பெண் போட்டு எங்கள் திரைக்கு அனுப்பும். நாங்கள் அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "இது நீங்கள் செய்ததுதானா?" என்று கேட்க வேண்டும். போட்டு ஜெட்டியில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் அதற்கு, 'சார்' என்று கூப்பிடுவதுபோல, நாங்கள் வைத்த பெயர் 'சாரு'. "இன்னிக்கு சாரு என்ன சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவோம். சாரு சொல்வது பெரும்பாலும் சரியாக இருந்தது. ஒருமுறை, கோழிக்கோட்டில் ஓர் அம்மாவின் கார்டை யாரோ வெளிநாட்டில் தேய்ப்பதாகக் காட்டியது. நான் கூப்பிட்டபோது அந்த அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கார்டை உடனே நிறுத்தினோம். மகளின் கல்யாணத்துக்கு வைத்த பணம் என்று சொல்லி அவர் போனிலேயே அழுதார். அன்று சாயங்காலம் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் எனக்கு மேல் சந்தோஷப்பட்டாள். அது எப்படிக் கற்றுக்கொள்கிறது, தப்பாகச் சொன்னால் யார் திருத்துவார்கள் என்று கேள்விமேல் கேள்வி கேட்டாள். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

சாரு இன்னொரு வேலையும் செய்யும். பலருடைய கார்டுகளிலிருந்து ஒரே சமயத்தில் பணம் திருட்டுப்போனால், அந்தக் கார்டுகள் எல்லாம் அதற்கு முன்பு எந்தக் கடையில் பொதுவாகத் தேய்க்கப்பட்டன என்று தேடிக் காட்டும். கார்டின் பின்னால் இருக்கும் கருப்புப் பட்டையை நகல் எடுத்தது அந்த இடமாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் காலை பதினொரு கார்டுகள் வந்தன. பெங்களூர், சென்னை, பூனா என்று பல ஊர்க்காரர்கள். எல்லோரும் கொச்சிக்குச் சுற்றிப்பார்க்க வந்து போனவர்கள். பதினொன்றுக்கும் பொதுவான கடை ஒன்றுதான். கடையின் எண்ணைத் தட்டினேன். அவள் வேலை பார்க்கும் கடையின் பெயர் வந்தது.

அவள் செய்திருக்க மாட்டாள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அப்போது நான் நினைத்தது அவளைப் பற்றி அல்ல. அந்தக் கடையில் என் தோழி இருக்கிறாள் என்பது பின்னால் தெரியவந்தால், கார்டுத் தகவல் அங்கே போனது என் வழியாகத்தான் என்பார்களே என்றுதான் நினைத்தேன். வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மேனேஜரின் அறைக்குப் போனேன். "சார், அந்தக் கடையின் கல்லாவில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள். எங்கள் பக்கத்து வீடு. எனக்குத் தெரிந்தவள் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"பெயர் என்ன?" என்றார்.

சொன்னேன். அவர் அறிக்கையில் குறிப்பு எழுதும் இடத்தில் அந்தப் பெயரையும், சொன்னது பக்கத்து வீட்டுக்காரி என்பதையும் எழுதினார். சாரு காட்டியது கடையை மட்டும்தான். ஆளைக் காட்டியது நான்.

அடுத்த வாரம் கடையிலிருந்து கார்டு தேய்க்கும் மெஷினை எடுத்துவிட்டார்கள். முதலாளி அவளைக் கூப்பிட்டு, "மோளே, நீ கொறச்சு நாள் வீட்டிலிரி" என்று கொஞ்ச நாளைக்கு வேலையிலிருந்து நிறுத்தினாராம். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மூன்று நாள், காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை. அவளுடைய அப்பா மூன்று நாளும் தண்ணீர்ப் பாட்டிலோடு கூடவே உட்கார்ந்திருந்தார்.

வீட்டைச் சோதிக்க இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். நான் எங்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அலமாரியிலிருந்து அவளுடைய பழைய கல்லூரி நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். பக்கம் பக்கமாக எண்கள் இருந்ததால் திருட்டுக் கார்டு எண்கள் என்று நினைத்துவிட்டார்கள். போட்டு வந்த நேரங்கள் அவை. அவள் எவ்வளவோ சொன்னாள். நானும் அந்தப் பத்து நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாலக்காட்டில் ஒரு குடும்பத்தோடு அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை டவுனில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்தவர். விஷயம் எப்படியோ அங்கே போய்விட்டது. "இப்போதைக்கு வேண்டாம்" என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

நான் அவள் வீட்டு வாசலை மிதித்தது, மேனேஜரிடம் பெயரைச் சொல்லிப் பத்தொன்பது நாள் கழித்துத்தான். அவள் தரையில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். என் பெயரைச் சொல்லி "வா" என்றாள். நான்தான் பெயர் கொடுத்தேன் என்பதைச் சொன்னேன். அழுகை வந்தது.

"தெரியும்" என்றாள். "எஸ்.ஐ. பேங்கு அறிக்கைய வாசிச்சுக் காட்டினாரு. பக்கத்து வீட்டுக்காரின்னு அதுல இருந்துச்சு. வேற யாரு இருக்கா?"

"நீ செய்யலேன்னு எனக்குத் தெரியும்டி."

"அதை அங்க சொன்னியா?"

அவள் கிழங்கைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"சரி, அழாத. ஒண்ணு சொல்லு. தேதி பாத்தியா?"

"எந்தத் தேதி?"

"அந்தக் கார்டெல்லாம் எங்க கடையில தேச்ச தேதி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்போ ஆறு நாள் நான் போகல. முதலாளியோட பெண்சாதிதான் கல்லாவுல இருந்தாங்க. அந்த ஆறு நாள்ல தேச்ச கார்டு ஏதாவது அதுல இருக்கான்னு பாரு. உங்க சாருகிட்ட எல்லாம் இருக்குமல்லோ. கேட்டாத்தானே சொல்லும்?"

மறுநாள் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு கார்டுகளில் நான்கு, அவள் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இருந்த நாள்களில் தேய்க்கப்பட்டவை. முதல் நாளிலிருந்தே அந்தத் தேதிகள் என் திரையில்தான் இருந்தன.

அச்செடுத்து மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்துவிட்டு, "அப்படியானால் அவளோடு இன்னோர் ஆளும் இருந்திருக்க வேண்டும்" என்றார். போலீஸுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது.

ஐந்தாறு மாதம் கழித்து சாரு இன்னும் இரண்டு கடைகளைக் காட்டியது. ஒன்று ஃபோர்ட் கொச்சியில், இன்னொன்று எறணாகுளத்தில். மூன்று கடைகளுக்கும் போய்வந்த ஆள் ஒருவன் இருந்தான். மெஷின் ரிப்பேர் பார்க்க வந்தவன் என்று சொல்லிக்கொண்டு, மெஷினைத் திறந்து உள்ளே தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை வைத்துவிட்டுப் போவானாம். ஒரு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொள்வானாம். ஆளைப் பிடித்துவிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் பிரிவுக்குப் பாராட்டு வந்தது. மேனேஜர் கேக் வாங்கி வெட்டினார். நானும் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடை முதலாளி அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் "எல்லாம் சரியாயிடுச்சு அல்லே?" என்று கேட்பதே அவளுக்குத் தாங்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதப் போய்விட்டாள். நான் வழியனுப்பவும் போகவில்லை. அவள் கிளம்பியது அப்புறம்தான் தெரிந்தது.

அவள் குற்றமற்றவள் என்று வங்கியிடமிருந்து எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக அலைந்தேன். மேனேஜர் மாறினார். புது மேனேஜரிடம் முதலிலிருந்து சொன்னேன். சட்டப் பிரிவு, தலைமை அலுவலகம் என்று எட்டு மாதம் ஓடியது. கடைசியில் ஆங்கிலத்தில் நான்கு வரிக் கடிதம் ஒன்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளுடைய அப்பாவிடம் போனேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, தமிழ்ல சொல்லு" என்றார்.

வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். குறிப்பிட்ட கடையின் முன்னாள் ஊழியருக்கு அந்தச் சம்பவத்தோடு தொடர்பு இருப்பதாக வங்கிக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை என்று இருந்தது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் என்றும் ஒரு வரி இருந்தது.

அவர் காகிதத்தை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தேடினார்.

"மோளே, இதுல அவ பேரு எங்க இருக்கு?"

"பேரு போட மாட்டாங்க மாமா. பேங்கு ரூல் அப்படி."

"போலீஸ் டேஷன்ல சத்தமா வாசிச்சாங்களே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். அவர் கடிதத்தை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தார். "நீ அலைஞ்சு வாங்கிட்டு வந்திருக்க. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பாலில்லாத கட்டன் சாயா போட அடுப்பைப் பற்றவைத்தார்.

அந்தப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டு, டெபாசிட் பிரிவுக்கு வந்துவிட்டேன். சாரு மேல் எனக்குக் கோபம் இல்லை. அது காப்பாற்றியவர்களின் குரலை நானே போனில் கேட்டிருக்கிறேன். ஆனால் எந்தப் பெயரையாவது கையால் எழுத வேண்டி வந்தால் எனக்குப் பேனா ஓடாது.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிகிறவரை அவள் இங்கேயே இருந்தாள். மெலிந்திருந்தாள். எட்டாம் நாள் காகிதங்களை ஒதுக்கும்போது அந்தக் கடிதம் அவள் கையில் கிடைத்தது. அதுவரை அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள்.

"யாரு வாங்கினது?"

"நான்தான்."

அவள் அதை அம்மாவின் கண் ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். அம்மாவையும் தன்னோடு திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போகிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ரயிலடிக்கு நானும் போனேன். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டு, அவள் இறங்கி என் பக்கம் வந்தாள்.

"பேரு கொடுத்ததுக்கு எனக்குக் கோபமில்லைடி. பயந்துட்ட. நானா இருந்தாலும் பயந்திருப்பேன்" என்றாள். "அந்தப் பத்தொம்பது நாளைத்தான் என்னால மறக்க முடியல. அன்னிக்கே வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். பிளாட்பாரம் காலியான பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு மட்டாஞ்சேரி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.