முப்பத்தேழாம் ஆணி

“கையைக் கொஞ்சம் தூக்குங்க” என்று சொல்லிக்கொண்டே வாசல் காவலர் புறங்கையால் இரண்டு சட்டைப் பைகளையும் தட்டுகிறார். பிறகு இடுப்பு, கால்சட்டைப் பை, கடைசியாகக் காலுறை. எல்லாம் மூன்று விநாடி வேலை. உள்ளங்கை ஆள் மேல் படவே படாது. “உள்ளங்கைய வச்சா அது சோதனை. புறங்கைன்னா விசாரிப்பு” என்பது அவராகவே எழுதிக்கொண்ட சட்டம். எதிரே நிற்பவருக்குக் கோபம் வருவதற்குள் அவருடைய லைட்டர் இவர் கைக்கு வந்திருக்கும். இவர் கொடுத்த தகர டோக்கன் அவர் கைக்குப் போயிருக்கும்.

நெருப்பு உண்டாக்கும் எந்தப் பொருளும் தேசியப் பூங்காவுக்குள் போகக் கூடாது. பூங்காவுக்கு மூன்று வாசல்கள். மற்ற இரண்டு வாசல்களிலும் அதைச் சொல்ல ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறது. வடக்கு வாசலில் இவர் இருக்கிறார்.

வயது ஐம்பத்து நாலு. ஒடிசலான உடம்பு, சலவை மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, காதில் சொருகிய பேனா. காவல் அறை என்பது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு வயர்லெஸ், ஒரு பதிவேடு, வாசலில் ஒரு பெஞ்சு. சுவரில் எண்பது ஆணி அடித்த பலகை. ஆணிக்கு ஒன்றாக எண்பது டோக்கன்கள், ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருக்கும். வாங்கிய லைட்டர்களைப் போட்டு வைக்கக் கீழே அதே எண்களில் சின்னப் பெட்டிகள். லைட்டர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் உண்டு. திரும்பி வரும்போது வாங்கி அதே ஆணியில் மாட்டுவார். பலகை நிறைந்திருந்தால் காட்டுக்குள் யாரும் இல்லை. ஓர் ஆணி காலியாக இருந்தால் காட்டுக்குள் ஓர் ஆள் இருக்கிறார். காட்டுக்குள் ரோந்து போகும் வாட்சர்கள் அவரை ‘டோக்கன் அண்ணன்’ என்பார்கள். கோபம் வந்தால் வெறும் ‘டோக்கன்’.

யார் எங்கே என்ன ஒளித்து வைத்தாலும் மனுஷனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். தொப்பி மடிப்பு, காமிரா உறை, குழந்தையின் பால்புட்டிப் பை வரைக்கும் பார்த்திருக்கிறார். ஒருமுறை நாலு கார்களோடு வந்து இறங்கிய பெரிய மனிதர், “நான் யாருன்னு தெரியுமா?” என்று எகிறினார். “தெரியலீங்களே. அதனாலதான் பேரு கேட்டு எழுதிக்கிறேன்” என்று இவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார். நாலு கார்களிலிருந்தும் மொத்தம் ஏழு லைட்டர்கள் இறங்கின.

வீட்டிலும் இதே கறார்தான். தீப்பெட்டி அவர் சட்டைப் பையில் இருக்கும். அவர் மனைவி துணி தைப்பவர், வாயும் ஊசி மாதிரி. “இந்த வீட்டுல அடுப்பு பத்த வைக்கணும்னா மனு எழுதிக் குடுக்கணும்” என்பார். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஊழியர் குடியிருப்பு, வாசலுக்கு உள்ளே, பாதை வளைகிற இடத்தில் இருந்தது. ஆறு ஓட்டு வீடுகள், அதில் கடைசி வீடு இவருடையது. ஜன்னலில் உட்கார்ந்தால் மனைவி கட்டிய துணிக்கொடி தெரியும். அதில் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துத்தான் காற்றின் திசையை வயர்லெஸ்ஸில் சொல்வார். “ஜாக்கெட் எல்லாம் கிழக்கால ஆடுது, ஓவர்” என்று ஒருநாள் சொன்னதற்கு, பூங்கா முழுவதும் ஒரு வாரத்துக்குச் சிரிப்பாய்ச் சிரித்தது.

கறாருக்குப் பின்னால் ஒரு பழைய தப்பு இருக்கிறது. அதை அவர் மறைப்பதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வாசல் மூடும் நேரத்தில் ஓர் ஆணி காலியாக இருந்தது. அன்றைக்கு ஒரு வேன் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள் வந்து போயிருந்தார்கள். அவர்களில் எவனோ ஞாபகார்த்தமாகக் கொண்டுபோய்விட்டான் என்று நினைத்து, தகரத்தை வெட்டிப் புது டோக்கன் செய்து மாட்டிவிட்டு வாசலைப் பூட்டினார். பலகை அழகாக நிறைந்திருந்தது. மறுநாள் மதியம், செடி ஆராய்ச்சிக்கு வந்த ஓர் அம்மாள் ஓடைப் பள்ளத்தில் கால் முறிந்து கிடந்ததை வாட்சர்கள் பார்த்தார்கள். உயிர் இருந்தது. யாரும் இவரைக் கேட்கவில்லை. பலகையில்தான் குறை இல்லையே. இவராகவே போய் அதிகாரியிடம், “நான்தான் சார் ஆணிய ரொப்புனேன்” என்று சொன்னார். பதவி உயர்வு போனது. அறையில் இருந்த உதிரித் தகரத்தையெல்லாம் அன்றைக்கே தூக்கி எறிந்தார். “காலி ஆணி காலியாவே இருக்கட்டும். அது பாட்டுக்கு உறுத்திட்டு இருக்கணும்” என்று அதிலிருந்து சொல்லிவருகிறார்.

அந்தப் பேச்சுக்கு இந்த வருஷம் வேனிலில் சோதனை வந்தது.

மதியம் சாய்ந்த நேரம். மேற்கு முகட்டுக்குப் பின்னால் புகை தெரிகிறது என்று காவல் கோபுரத்திலிருந்து தகவல் வந்தது. உள்ளே இருக்கிறவர்களை எல்லாம் வெளியேற்றச் சொல்லி உத்தரவு. அன்றைக்கு அறுபத்திரண்டு டோக்கன்கள் போயிருந்தன. ஒன்றரை மணி நேரத்தில் அறுபத்தொன்று திரும்பின. முப்பத்தேழு வரவில்லை.

பதிவேட்டைப் புரட்டினார். காலைப் பேருந்தில் வந்து, தனியாக நடந்து உள்ளே போனவர். கோணல் எழுத்தில் ஒரு பெயர், கீழே போன் எண். கூப்பிட்டால், அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. விரல் வைத்து எண்ணினார். ஓர் இலக்கம் குறைந்தது. எழுதியவர் அவசரத்தில் விட்டுவிட்டார். வாங்கும்போது இவரும் எண்ணிப் பார்க்கவில்லை. முப்பத்தேழாம் பெட்டியில் ரப்பர் வளையம் சுற்றிய ஒரு பச்சை லைட்டர் மட்டும் கிடந்தது.

தீ பள்ளத்தாக்கில் இறங்கிக் குடியிருப்பைப் பார்த்து வந்தது. குடியிருப்பு ஆட்களை எல்லாம் அதற்குள் லாரியில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர் மனைவி தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றி, குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

ரேஞ்சர் ஓர் இளம்பெண். பதினாலு ஆட்களோடு குடியிருப்புக்கு மேலே வண்டிப்பாதையில் இருந்தார். எதிர்த்தீ வைப்பது அவர் திட்டம். அதாவது, வருகிற தீக்கு முன்னாலிருக்கும் காய்ந்த புல்லை நாமே கொளுத்திவிடுவது. வந்து சேரும்போது அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் நடந்து போகிறவர்களின் ஒற்றையடிப் பாதை இரண்டு தீக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஆள் இருந்தால் அவ்வளவுதான்.

“வடக்கு வாசல், எல்லாரும் வெளிய வந்தாச்சா?”

“ஒரு ஆணி காலி மேடம்.”

“ஓடைப் பக்கமா இறங்கி பஸ் ஏறிப் போயிருப்பாங்கண்ணே. எத்தனை பேர் அப்படிப் போயிருக்காங்க!”

“இருக்கலாம் மேடம்.”

“காத்து திரும்ப அரை மணி நேரம்தான் இருக்கு. இப்ப வச்சாத்தான் குடியிருப்பு தப்பும். உங்க வீடும் அதுல இருக்கு.”

ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொடியில் மடிக்காமல் விட்ட துணிகள் அப்படியே தொங்கின.

“தெரியுது மேடம். இங்கருந்து பார்த்தாத் தெரியுது.”

“அப்ப வைக்கட்டுமா, வேண்டாமா?”

“ஆணி காலியா இருக்கு மேடம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

பிறகு ரேஞ்சர் இரண்டு பேரை ஒற்றையடிப் பாதையில் குரல் கொடுத்துப் பார்க்க அனுப்பினார். அவர்கள் தொண்டை கிழியக் கத்திவிட்டு, இருமிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வருவதற்கும் கொடியில் துணிகள் திசை மாறி ஆடுவதற்கும் சரியாக இருந்தது. எதிர்த்தீக்கு நேரம் போய்விட்டது. ஆட்களைப் பின்வாங்கச் சொல்லி, குடியிருப்புக்குக் கீழே இருக்கும் தார்ச் சாலையில்தான் தீயை நிறுத்த முடிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆறு வீடுகளும் போயின. ஜன்னலில் நின்று அவர் கடைசி வரைக்கும் பார்த்தார்.

சாம்பல் ஆறியதும் மூன்று நாள் பள்ளத்தாக்கை அலசினார்கள். இவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனார். மனித உடம்பு எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்காததே அவரை வாட்டியது. அந்த ஆள் செத்திருக்கக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கவும் கூடாது என்று அதே மனசு ஆசைப்பட்டது. இரண்டாவது ஆசைக்காகத் தன் மேலேயே அவருக்கு வெட்கமாக இருந்தது.

விசாரணை நடந்தது. “ஒரு தகரத்தை நம்பி ஆறு வீட்டை விட்டீங்களா?” என்று அதிகாரி கேட்டார். “தகரத்தை நம்பலேன்னா அதை எதுக்கு சார் மாட்டி வச்சிருக்கோம்?” என்றார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ‘அண்ணன்’ உதிர்ந்து வெறும் ‘டோக்கன்’ ஆனார்.

இப்போது அவருக்கும் மனைவிக்கும் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கடைக்கு மேலே ஓர் அறை. தீப்பொறி பட்டு ஓட்டையான சீருடைகளை மனைவி தைத்துக் கொடுக்கிறார். அந்த ஐந்து வீட்டுக்காரர்களின் சட்டைகளும் அதில் உண்டு. வாரம் இருமுறை மூட்டையோடு வாசலுக்கு வருவார். “அந்த முப்பத்தேழு மட்டும் என் கைல கிடைக்கட்டும். நிக்க வச்சு நாலு கேள்வி கேட்டுட்டு அப்புறம்தான் உட்காரச் சொல்லுவேன்” என்று பெஞ்சில் உட்கார்ந்தபடி பொதுவாகச் சொல்வார். புருஷன், வருகிறவர்கள் எழுதும் போன் எண்ணை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருப்பார். நடுநடுவே ஜன்னலைப் பார்ப்பார். அங்கே கொடியும் இல்லை, துணியும் இல்லை. கரி பிடித்த சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பழக்கதோஷம், பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் ஒருவர் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. ஜன்னல் முன்னால் வந்து நின்று தயங்கினார்.

“ஒண்ணும் தப்பா நினைச்சுக்காதீங்க. ஒன்றரை மாசத்துக்கு முந்தி வந்தேன். ஓடை வழியா இறங்கினா பஸ் கிட்டன்னு யாரோ சொன்னாங்க, அப்படியே போயிட்டேன். இது மழைக்கோட்டுப் பையில கிடந்திருக்கு. நேத்துதான் வீட்டுல பார்த்தாங்க. லைட்டர் எல்லாம் வேண்டாங்க, இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

ஜன்னல் திட்டில் ஒரு டோக்கனை வைத்தார். முப்பத்தேழு.

பிறகு திரும்பி, பாதை வளைவில் நின்ற கரிச் சுவர்களைப் பார்த்தார். “அங்க வீடுங்க இருந்துச்சே. என்ன ஆச்சு?”

பெஞ்சிலிருந்து மனைவி எழுந்தார். நாலு கேள்விகளும் ஒன்றரை மாதமாகத் தீட்டித் தயாராக இருந்தவை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, சீருடை மூட்டையைக் கீழே இறக்கி வைத்துப் பெஞ்சில் இடம் பண்ணினார்.

“உட்காருங்க” என்றார்.

புருஷன் டோக்கனை எடுத்து, எண்ணை விரலால் தடவிப் பார்த்து, முப்பத்தேழாம் ஆணியில் மாட்டினார். எண் வெளிப்பக்கம் தெரியும்படி திருப்பிவிட்டார். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தார்.

“கையைக் கொஞ்சம் தூக்குங்க.”

“நான் உள்ள போகலீங்க. அடுத்த பஸ்ஸுல கிளம்பறேன். இப்ப லைட்டர்கூட வச்சுக்கிறதில்லை” என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

அவர் தன் உள்ளங்கைகள் இரண்டையும் அந்த மனிதரின் தோள்களில் வைத்தார். தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு என்று மெதுவாக அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். பைகள் பக்கம் கை போகவே இல்லை. மூன்று விநாடி தாண்டியும் கையை எடுக்கவில்லை.