பெயர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ஜெபத்தின் நடுவே டீச்சர் கண்ணைத் திறந்தார். அந்தப் புதன்கிழமை மாலையை நினைக்கும்போது எனக்கு முதலில் தெரிவது அந்தக் கண்கள்தான். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் செயலாளர் வீட்டில் வாராந்தர ஜெபக்கூட்டம். சோபாவை ஓரமாகத் தள்ளி, பாய் விரித்து, முக்காடு போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தோம். செயலாளர் குரல் தழுதழுக்க ஜெபித்துக்கொண்டிருந்தார். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் அந்த வார்த்தைகளை மாற்றாமல் தர முடிகிறது. "எங்க நடுவுல இருக்கிற ஒரு சகோதரிய உம்முடைய சமுகத்துல வைக்கிறோம் ஆண்டவரே. பேரு உமக்குத் தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை மேலூர் பஸ் ஸ்டாண்டுல நடக்கிறத உம்முடைய கண்கள் பாக்குதே ஆண்டவரே. இந்த வயசுல இப்படி ஒரு சோதனையில விழுந்து கிடக்கிறாங்களே..." மேலூர் என்றதும் நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். என் பக்கத்தில் இருந்த டீச்சர் ஜெபிப்பவரின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் சனிக்கிழமைதோறும் மேலூருக்குப் போய்வருபவர் அவர் ஒருவர்தான். வட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அவர் சொல்லவில்லை. பிறகு கேசரியும் காபியும் வந்தன.

நான் கணக்கு கற்பிக்கும் மிஷன் பள்ளியில்தான் அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்கான ஓய்வுநாள் பள்ளியை நடத்தினார். உண்மையில் அவருடைய வாரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தை நோக்கியே நகர்ந்தது. தீபாவளி முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குப் பயிற்சி தொடங்கிவிடும். சுருதி சேராத பிள்ளைகளை மற்றவர்கள் ஓரத்தில் நிறுத்துவார்கள் அல்லது வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள். இவர் வரிசையின் நடுவில் நிறுத்தி, இருபுறமும் நன்றாகப் பாடுகிறவர்களை வைப்பார். "ஓரத்துல நிறுத்தினா அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிரும்ல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது.

புறங்கூறுவது பாவம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சிறுவயதிலிருந்து பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் நாங்கள் புறங்கூறுவதில்லை, ஜெபக்குறிப்பு கொடுக்கிறோம். "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன், வெளிய போயிரக் கூடாது" என்று தொடங்கினால் எதையும் சொல்லலாம். பெயரைச் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. ஊரையும் கிழமையையும் வயதையும் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் விழுங்குவதற்கு எங்கள் சபையில் பண்பு என்று பெயர். இதில் இருக்கும் கொடுமையை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். தெருவில் நின்று ஒருத்தி ஏசினால் திருப்பி ஏசலாம். வழக்கு என்றால் பதில் சொல்ல இடம் உண்டு. ஆனால் கடவுளிடம் பேசுவதுபோல் ஒருத்தியைக் குற்றம் சாட்டும்போது அவள் எப்படிக் குறுக்கிடுவாள்? குறுக்கிட்டால் ஜெபத்தைக் கெடுத்தவள் ஆவாள். எல்லாம் அறிந்தவர் என்று நாம் நம்பும் ஆண்டவருக்கு மேலூர் பஸ் ஸ்டாண்டைப் பற்றிய தகவல் எதற்கு? அந்தத் தகவல் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கானது.

அடுத்த புதன்கிழமை டீச்சர் வரவில்லை. வராததே இன்னொரு ஜெபக்குறிப்பாயிற்று. காபி குடித்தபடி ஒரு பெண் கேட்டாள்: "ஏங்க்கா, மேலூர்ல அவுங்களோட நிக்கிற அந்தாளு யாருங்கிறீங்க?"

"நமக்கெதுக்குடி அது? ஜெபிக்கிறதுதான் நம்ம வேலை" என்றார் செயலாளர். கேசரித் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "ஆனா ஆளு நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்கானாம். இவுங்கதான் அவன் பையத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போறாங்களாம். எம்புட்டுக் கரிசனம் பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கடுத்த வாரம் அந்த ஆளுக்கு மனைவியும் பிள்ளைகளும் முளைத்திருந்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் மேலூரில் ஒரு வாடகை வீடு வந்துவிட்டது. ஒவ்வொன்றும் கண்ணீரோடு ஆண்டவர் சமுகத்தில் வைக்கப்பட்டது.

ஓய்வுநாள் பள்ளிக்குப் பிள்ளைகள் குறைந்தார்கள், முதலில் பெண்பிள்ளைகள். ஆயர் டீச்சரை அழைத்து, சில பெற்றோர் தயங்குகிறார்கள், கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்கள் என்று சொன்னார். நான் வெளியே காத்திருந்தேன். வகுப்பறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தவர், வைகைப் பாலம் வரை என்னோடு நடந்தார். பிறகு, "ஐயா என்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார்.

அந்த மனிதர் யார், டீச்சர் ஏன் மேலூருக்குப் போனார் என்பது எனக்குத் தெரியும். அதில் பாவமும் இல்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆயரே பின்னர் நேரில் போய் அந்த மனிதரைச் சந்தித்து, தலைகுனிந்து திரும்பி வந்தார். சொன்னதெல்லாம் பொய் என்று சபைக் கமிட்டியில் அறிவித்தார். ஆனால் விவரத்தை இங்கே எழுதப்போவதில்லை. படிப்பவர்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும். செயலாளருக்கும் அதே ஆசைதான் இருந்தது. ஒரு பெண் தன் சனிக்கிழமைகளுக்குக் கணக்கு ஒப்பித்த பிறகுதான் அவளை நல்லவள் என்போம் என்றால், அந்த நற்சான்றிதழ் டீச்சருக்குத் தேவையில்லை.

பொய் என்று தெரிந்த வாரம் செயலாளர் மனம் வருந்தினார். எப்படி வருந்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, "அறிந்தோ அறியாமலோ யார் மனசையாவது புண்படுத்தியிருந்தா மன்னியும் ஆண்டவரே" என்றார். அவதூறைச் சொல்லும்போது டீச்சர் பக்கத்தில் இருந்தார். மன்னிப்புக் கேட்கும்போது அவர் அங்கே இல்லை. காணிக்கையோடு வந்தவன் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகட்டும் என்றுதான் ஆண்டவர் கற்பித்தார். எங்கள் செயலாளர் வீட்டிலிருந்து டீச்சர் வீடு மூன்றாவது தெரு. அவர் அந்தத் தெருவுக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேட்க நேரே பரலோகத்துக்குப் போய்விட்டார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியதும் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. டீச்சரை அழைத்து வரும்படி ஆயர் என்னை அனுப்பினார். டீச்சர் கதவைத் திறந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். கடைசியில்தான் பதில் சொன்னார். "வாரேன். எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கதைய எந்தெந்த வீட்டுல போய்ச் சொன்னாங்களோ, அந்தந்த வீட்டு வாசல்ல போய் நின்னு, நான் சொன்னது பொய்யின்னு அவுங்க வாயாலயே சொல்லட்டும். என்கிட்ட வர வேண்டாம். அன்னைக்கே நான் வாரேன்."

இதைச் செயலாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே திகைத்துப்போய், "அதெப்படி மிஸ்? எந்தெந்த வீட்டுல சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்லையே" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் பென்டிரைவில் ஒலித்த பாட்டுக்கு வாயசைத்தார்கள். டீச்சர் இன்றுவரை வரவில்லை. போன புதன்கிழமை கூட்டத்தில் செயலாளர் கண்ணை மூடித் தொடங்கினார்: "மன்னிக்க முடியாம கசப்போட இருக்கிற ஒரு சகோதரிக்காக வேண்டிக்கிறோம் ஆண்டவரே. பேரு உமக்குத் தெரியும். அந்தக் கல்லான இருதயத்த..."

"நிறுத்துங்கக்கா" என்றேன்.

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "ஜெபத்துக்கு நடுவுல பேசலாமா மிஸ்?" என்று கேட்டார்.

"நீங்க மட்டும் பேசலாமாக்கா? அவுங்க ஜெபம் கேக்கல. வீடு வீடாப் போகச் சொன்னாங்க. ஞாபகம் இல்லேன்னா பரவாயில்ல, இந்தப் பாயில இருக்கிறவுங்ககிட்ட இப்பவே ஆரம்பிங்க. சொன்னது பொய்யின்னு சொல்லுங்க."

ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்தாள். இன்னொருத்தி சமையலறைப் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டினேன். செயலாளர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். என் தோளில் மெதுவாகக் கைவைத்து, உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும் குரலில் பரிவோடு கேட்டார்:

"வீட்டுல ஏதும் பிரச்சினையா மிஸ்? சார் நல்லா இருக்காருல்ல? எதுன்னாலும் சொல்லுங்க, ஜெபத்துல வச்சிக்கிறோம்."