சுவரில் நின்ற வெளுப்பு

சித்தப்பா வீட்டுக் கூடத்துச் சுவரில் சிலுவை வடிவில் ஒரு வெளுப்பு இருக்கிறது. சிலுவை இல்லை. அது மாட்டியிருந்த இடம் மட்டும் புகை படியாமல் வெள்ளையாக நின்றுவிட்டது. அரூருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கவே கூடாது என்றுதான் உள்ளே நுழைவேன். பாழாய்ப்போன கண் நேரே அங்கேதான் போகும்.

சித்தப்பாவும் சின்னம்மாவும் கல்யாணத்துக்குப் பிறகு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவர்கள். சின்னம்மாவுக்கு எழுத்து தெரியாது. சாயங்காலம் சிலுவைக்குக் கீழே மாடத்தில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துச் சித்தப்பா வாசிப்பார், அவள் கேட்பாள். பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்காக மோசே கம்பத்தில் வெண்கலப் பாம்பைத் தூக்கி வைத்ததையும், அதைப் பார்த்தவர்கள் பிழைத்ததையும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள்.

அவர்களுடைய ஒரே மகனை, என் தம்பியை, கரும்புக் காட்டில் பாம்பு கடித்தது. தருமபுரி பெரியாஸ்பத்திரியில் அவனுக்குத் துணையாக என் அப்பாவை வைத்துவிட்டு, சித்தப்பா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். நான் சின்னம்மா பக்கத்தில் இருந்தேன். பிறந்த வீட்டில் மாரியம்மனுக்குச் செய்ததுபோலவே அவள் சிலுவைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தி, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா கத்தவில்லை. "மோசே செஞ்ச பாம்புக்கே சனங்க தூபம் காட்டுனப்ப, எசேக்கியா ராசா அத ஒடச்சுப் போட்டாரு. இது மரம் புள்ள, சாமி இல்ல" என்றார். சிலுவையைக் கழற்றி அடுப்பில் வைத்தார்.

மறுநாள் காலையில் தம்பி உயிரில்லாமல் வந்தான். கொண்டுவரும்போதே விஷம் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அடக்கம் முடிந்து வந்து சின்னம்மா ஒரே ஒருமுறை கேட்டாள்: "பாத்தவங்க பொழச்சாங்கன்னு நீங்கதானுங்களே படிச்சீங்க? நான் பாத்துக்கிட்டுதானே இருந்தன்?"

வேதப்படி சித்தப்பா செய்தது சரி. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

சின்னம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினேன். அந்த ஒரு சுவரில் மட்டும் பெரியவர் கைவைக்க விடவில்லை என்று போன் வந்தது. போய்ப் பார்த்தேன். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ பாத்துக்கிட்டு இருந்தப்ப எடுத்துட்டன். நானாச்சும் பாத்துக்கிட்டு இருக்கறன், உடும்மா."

வெளுப்புக்குக் கீழே மாடத்தில் வாடாத மல்லிகை ஒரு முழம் இருந்தது. அந்த வீட்டில் இப்போது அவரைத் தவிர யாரும் இல்லை.