ஒரே சாக்கில் மூன்று மண்

மண் பார்க்கும் வேலையில் முதலில் போவது முதுகு, அடுத்துப் போவது மரியாதை. ரப்பர் காட்டில் மண்பை சுமந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே இடுப்பைத் தடவிக்கொள்வார்கள். மலாயாவின் அவசரகாலத்தில், மலாக்காவை அடுத்த குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பட்டது இது.

திரித்துப் பார்த்தல்

மண்ணை நனைத்து உள்ளங்கையில் திரித்தால் அதன் குணம் தெரியும். மணல் உதிர்ந்துவிடும், களிமண் கயிறாக நீளும், இரண்டும் கலந்தது பாதியில் உடையும். நான் கவனமாகத் திரித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பால் வாளியோடு வந்த அஞ்சலை அக்கா நின்று பார்த்தார்.

"எண்ணெ காய வைக்கட்டா தம்பி? எத்தன முறுக்கு சுத்துவீங்க?"

வாசல் சோதனை

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று தோட்ட வாசலில் எல்லாப் பைகளையும் கொட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது மூன்று மாதத் தற்காலிக வேலை. சனிக்கிழமைக்குள் மண் மலாக்கா ஆபீசுக்கு வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று ஆபீஸ் பெரியவர் சொல்லியிருந்தார். பத்துக் குழி, மேல், நடு, அடி என்று குழிக்கு மூன்று பை, ஒவ்வொன்றிலும் சீட்டு. வாசல் காவலுக்கு நின்ற ஹோம் கார்ட் முனியன் முப்பது பையையும் ஒரே சாக்கின்மேல் கொட்டி, கையை விட்டுத் துழாவினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அரிசி இல்ல தம்பி, எல்லாம் மண்ணுதான். அள்ளிக்கிட்டுப் போங்க லா."

மறுபடியும் பத்துக் குழி

தனியாக ரப்பர் காட்டுக்குள் போகக் கூடாத காலம். தோட்டத்துத் துரை எனக்குக் காவலாக முனியனையே அனுப்பினார். நான் களைத்துப்போனதும் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு, குழி தோண்டும் திருகு இரும்பை அவர் வாங்கிக்கொண்டார். மேலே இலை மக்கிய கறுப்பு மண், அதில்தான் மரத்துக்குச் சாப்பாடு. அதன் கீழே ஈரம் பிடித்து வைக்கும் மஞ்சள் களி. அதற்கும் கீழே செம்பாறைக் கல், வேரே திணறும் இடம். அங்கே இரும்பு லேசில் இறங்கவில்லை. மூன்றாம் குழியிலேயே அவர் கையில் கொப்புளம்.

"இருவது வருசமா பாலுக்கு மரம் வெட்டுறேன். காலுக்குக் கீழ இவ்வளவு வம்பு இருக்குன்னு தெரியாது."

சனிக்கிழமை

லாரி காத்திருந்தது. வாசலில் இருந்த புதுக் காவலர் ஒரு பையைக் கொட்டிவிட்டு, அதன்மேலேயே அடுத்ததைக் கவிழ்க்கப் போனார். துணி சுற்றிய கையோடு முனியன் ஓடிவந்து பையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னொன்னா பாரு லா. அது மேல்மண்ணு, இது அடிமண்ணு. கலந்துட்டா மறுபடியும் தோண்டப் போறது நான்தான்."

மண்ணைப் பற்றிய என் அறிவைப் பாராட்டி வேலையை நிரந்தரமாக்கினார்கள். அது முனியனின் கொப்புளம் வாங்கித் தந்த வேலை என்று நானும் திருத்தவில்லை.